புல்லா, கல்லா, மணலா? நாயும் பூனையும் ஓடித் திரியும் வளவுக்கு எது தோது

பின்னேரம் அஞ்சு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் வளவுக்குள் கதிரையைப் போட்டு, பிளேன் ரீயோடு உட்கார்ந்தால் எங்கள் நாய் கறுப்பி வந்து காலடியில் சுருண்டு கொள்வாள். பூனைகள் ரெண்டும் மதிலில் இருந்து மேற்பார்வை. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் இத்தனை பாடும். மட்டக்களப்புக் கல்லடியில் எங்களுக்கு 15 பேர்ச் வளவு, மனிசியின் சீதனக் காணி. முன்பக்கம் இன்டர்லொக் கல், பக்கத்தில் கொஞ்சக் காலம் மலேசியன் புல், பின்னால் மாமி காலத்து மணல் முற்றம். மூன்றிலும் இதுகளோடு இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், என் வாக்கு மணலுக்கு.

கல்லைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிள் நிறுத்தலாம், மாரியில் காலில் சேறு ஒட்டாது, காசுதான் கூடுதல். பகல் பதினொரு மணிக்குப் புறங்கையை அதில் ஏழு எண்ணும்வரை வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. கறுப்பி கேற் வரை போக மதில் ஓரத்து நிழலைப் பிடித்து வளைந்து வளைந்துதான் போவாள்.

புல்லில்தான் நான் ஏமாந்தேன். படத்தில் பார்க்க எவ்வளவு வடிவு! பச்சைப் புல்லில் பிள்ளை உருள, நாய் உருள. மாரி முடியும் தறுவாயில் 500 சதுர அடிக்குப் பதித்தோம். மார்ச் வரைக்கும் குறை சொல்ல முடியாது. மறுகா தொடங்கியது தண்ணீர்க் கணக்கு.

புல்லுக்குக் கிழமைக்கு ஓர் அங்குலம் தண்ணீர் என்று வைத்தாலும் 500 சதுர அடிக்கு ஏறத்தாழ 1,180 லீற்றர் வேண்டும். கூரைக்கு மேல் நிற்கும் ஆயிரம் லீற்றர் தாங்கி காலியாகி, மேலும் கொஞ்சம். எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசி தொடங்கி ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்காகக் கிணறுதான் கதி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது; மோட்டாரைப் போட்டு இழுக்க இழுக்கக் கீழிருந்து சவர் ஏறும். ஜூலையில் தேத்தண்ணியில் ருசி மாறியதும் மனிசி குழாயைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டா. அதோடு கச்சான் காற்று. (கடலையை நினைக்காதீர்கள், மேற்கிலிருந்து அனலாக அடிக்கிற காற்றைச் சொல்கிறேன்.) பத்து நாளில் புல் தும்பாகிப் போனது.

தண்ணீர் தாராளமாக இருந்திருந்தாலும் கறுப்பி விட்டிருக்க மாட்டாள். பெட்டை நாய் குந்தி ஒரே இடத்தில் பெய்வதால் மூத்திரத்தில் உள்ள யூரியா அங்கே குவிந்து புல்லைக் கருக்கிவிடும்; சுற்றிவரச் சத்து அளவாகக் கிடைத்த புல் மட்டும் கரும்பச்சையாகக் கொழுக்கும். நடுவில் மஞ்சள், விளிம்பில் பச்சை. தட்டு தட்டாக, எண்ணிப் பார்த்தபோது பதினேழு.

உண்ணியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கறுப்பியின் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி கண்டதும் பழியைப் புல்லின் மேல்தான் போட்டேன். மிருக வைத்தியர் சிரித்துவிட்டு, சுவர் வெடிப்பைப் பாருங்கள் என்றார். நாய்களில் சாதாரணமாகக் காணும் கபில நிற உண்ணி இரத்தம் குடித்து ஊதியதும் கீழே விழுந்து, வெடிப்பு இடுக்குகளுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். வீட்டுக்குள்ளேயே பரம்பரை நடத்தும். ரோர்ச் அடித்துப் பார்த்தேன். நாய் படுக்கிற விறாந்தைச் சுவர்ப் பூச்சு வெடிப்பிலும் இன்டர்லொக் கல் இடைவெளியிலும் மிளகு தூவியதுபோல் குஞ்சுகள். ஆக அந்த விடயத்தில் புல்லை விடக் கல்லே குற்றவாளி. பற்றையில் தொற்றுகிற வேறு உண்ணிகளும் உண்டு, புல்லை முழுக்க விடுதலை செய்யவும் மாட்டேன்.

இப்போது மணல். மாமி விடிய வெள்ளன எழும்பிப் பின்முற்றத்தைக் கூட்டுவா. ஈர்க்குக் கோடு வரிவரியாக விழும். அந்தக் கோட்டின் மேல் இரவு நடந்தவையெல்லாம் அடுத்த நாள் எழுதியிருக்கும்: பூனைப் பாதம், ஓணான் வால் இழுத்த தடம், ஒருநாள் வேலியில் இருந்து விறகுக் குவியல் வரை வளைந்து போன பாம்புத் தடம். "நாயக் கட்டு மனே, புடையனாக் கிடக்கும்" என்றா. புல்லிலோ கல்லிலோ அது தெரிந்திருக்காது.

மணலும் சுடும், அதை மறைக்கவில்லை. உச்சி வெயிலில் கல்லடிக் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தவருக்குத் தெரியும். ஆனால் கறுப்பி வேம்படி நிழலில் முன்னங்காலால் ஒரு சாண் தோண்டி, ஈர மண் வந்ததும் மூன்று தரம் சுற்றி வயிற்றைப் பதித்துப் படுப்பாள். கல்லில் அது நடக்காது. புல்லில் நடந்தால் நமக்குக் கோபம் வரும். மணலில் குழியைக் காலால் தள்ளி மூடிவிட்டுப் போகலாம். மாரியிலும் மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உறிஞ்சிவிடும். இறைப்பும் இல்லை, வெட்டும் இல்லை. பராமரிப்பு என்றால் ஒரு விளக்குமாறும் ஒரு மம்பட்டியும்.

மம்பட்டி எதற்கென்றால், மணலின் மோசமான பக்கம் அதுதான். நாய், பூனை மலத்தில் வருகிற கொக்கிப்புழு முட்டை சூடும் ஈரமுமான நிழல் மணலில் ஓரிரு நாளில் பொரித்து, ஐந்து முதல் பத்து நாளுக்குள் தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளின் காலில் பாம்பு போல நெளிந்து அரிக்கிற சிவப்புக் கோடு அதன் வேலை. 1911இல் இலங்கையில் ஒரு மரநாயில் கண்டு விவரித்த கொக்கிப்புழு இனத்துக்கு சிலோன் பெயரையே 'செயிலனிகம்' என்று வைத்திருக்கிறார்கள், பெருமைப்பட ஏதுமில்லை. எனவே மலத்தை அன்றன்றே அள்ள வேண்டும். புழு மருந்தை வைத்தியர் சொன்ன தவணையில் கொடுக்கிறோம், மகளுக்குச் செருப்புக் கட்டாயம். பூனைகளுக்குத் தேசி மரத்தடியில் ஒரு மூலையை மட்டும் பொலபொலவென்று விட்டு, மற்ற இடத்தில் கூட்டியபின் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இறுக்கினோம். பெரும்பாலும் அந்த மூலைக்கே போகின்றன. பெரும்பாலும்தான்.

இதெல்லாம் வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமான எழுவான்கரைக் கதை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் களிமண்ணில் நான் நாய் வளர்த்ததில்லை. அங்கே மணல் வேண்டுமென்றால் ஏற்றித்தான் பறிக்க வேண்டும், அந்தச் செலவோடு பார்த்தால் என் கணக்கு மாறவும் கூடும்.

பதித்த புல்லில் மிஞ்சியது கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் நாலு சதுர அடி. அதற்குள் அறுகு தானாக ஏறியிருக்கிறது. வயிறு சரியில்லாத நாளில் கறுப்பி போய் அதைக் கடித்து மெல்லுவாள். மென்று முடித்துவிட்டு, அதிலேயே குந்துவாள்.