செவ்வாய் ரோவர் படங்கள்: தரைக்கு ஒரு வடிவம், வானத்துக்கு வேறொன்று

செவ்வாயில் இருக்கும் நாசா ரோவர் கியூரியாசிட்டியின் கம்பத்துக் கேமராவான மாஸ்ட்கேம் எடுத்த ஒரே காட்சி நமக்கு நான்கு வடிவங்களில் கிடைக்கலாம். ரோவர் அனுப்பியபடியே இருக்கும் ரா படம் ஒன்று. அளவுத்திருத்தம் செய்து, அங்கே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு நெருக்கமாக்கிய இயற்கை நிறப் படம் இன்னொன்று. பூமி வெளிச்சத்தில் எடுத்தது போல மாற்றிய ஒயிட் பேலன்ஸ் படம் மூன்றாவது. நிற வேறுபாடுகளை இழுத்துப் பெரிதாக்கிய ஸ்ட்ரெட்ச் படம் நான்காவது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் "எது உண்மையான நிறம்?" என்று கேட்கத் தோன்றும். அதைவிட "தரையைப் படிக்கப் போகிறோமா, வானத்தையா?" என்று கேட்டால் வேலை நகரும். ஏனென்றால் பாறைக்கு நல்லது செய்யும் திருத்தம் வானத்தைக் கெடுத்துவிடும்.

காரணம் தூசி. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியின் கடல்மட்ட அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வாயு மூலக்கூறுகள் சிதறடிக்கும் நீல ஒளி அங்கே மிகச் சொற்பம். வானத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது ஏறத்தாழ 1.5 மைக்ரான் ஆரமுள்ள தூசித் துகள்கள். அவற்றில் உள்ள இரும்பு ஆக்சைடு நீலத்தை விழுங்குகிறது. அதனால் பகல் வானம் மங்கிய மஞ்சள்-பழுப்பாகத் தெரிகிறது. அந்த வானத்தின் வழியாக வரும் வெளிச்சமும் சிவந்தே தரையில் விழுகிறது. சாம்பல் நிற எரிமலைப் பாறையான பசால்ட்கூட இயற்கை நிறப் படத்தில் செம்பழுப்பாகத் தெரிவது இதனால்தான்.

ஒயிட் பேலன்ஸ் எதிர் இயற்கை நிறம்

பாறை வகையை அடையாளம் காண வேண்டுமானால் ஒயிட் பேலன்ஸ் படமே கைகொடுக்கும். பூமியில் பார்த்துப் பழகிய பாறை நிறங்களோடு நேரடியாக ஒப்பிட முடிகிறது. இதை நீங்களே செய்ய வேண்டுமானால் ரோவரின் மேல்தளத்தில் இருக்கும் நிறத் தகட்டைப் படம்பிடித்த கோப்பு வேண்டும். அது உங்கள் படத்துக்கு நெருங்கிய நேரத்தில், ஏறத்தாழ அதே சூரிய உயரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். தகட்டின் சாம்பல் வட்டத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் சராசரியையும் அளந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக 160, 120, 80 என்று வந்தால், சிவப்பை 0.75 ஆலும் நீலத்தை 1.5 ஆலும் பெருக்கினால் மூன்றும் 120 ஆகிவிடும். அதே எண்களைப் படம் முழுக்கப் பெருக்க வேண்டும்.

இப்போது அதே படத்தின் வானத்தைப் பாருங்கள். அங்கே மதிப்புகள் 150, 130, 105 என்று இருந்தன என்றால், பெருக்கிய பின் 112, 130, 157 ஆகின்றன. பூமி வானம் போல நீலம்! கியூரியாசிட்டி இறங்கிய கேல் பள்ளத்தின் நடுவே நிற்கும் ஷார்ப் மலையின், 2013இல் வெளியான பனோரமாவில் வானம் நீலமாகத் தெரிந்தது இந்தக் கணக்கால்தான். ஒயிட் பேலன்ஸ் படத்தை வைத்துக்கொண்டு செவ்வாயின் வளிமண்டலத்தைப் பற்றிப் பேசுபவர் தாம் போட்ட பெருக்கல் எண்ணைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அளவுத்திருத்தம் பிழைத்தாலும் இதே நீலம் வரும். நாசாவின் வைக்கிங் 1 தரையிறங்கி செவ்வாயில் இறங்கிய மறுநாள், 1976 ஜூலை 21 அன்று, முதலில் காட்டப்பட்ட வண்ணப் படத்தில் வானம் நீலச் சாயலோடு இருந்தது. அளவுத்திருத்தத்தைச் சரிசெய்த பிறகே இளஞ்சிவப்புச் சாயல் வந்தது.

இந்தப் பெருக்கலில் வழக்கமாகத் தவறும் இடங்கள் மூன்று. முதலாவது, மாஸ்ட்கேம் தன் கூடுதல் பிட் தரவை ஏறத்தாழ வர்க்கமூல அட்டவணையால் 8 பிட்டாகச் சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கத்தை விரித்து நேர்கோட்டு மதிப்பாக்காமல் பெருக்கினால் வெளிச்சப் பகுதி சரியாகவும் நிழல் பகுதி சாயம் பூசியது போலவும் வரும். இரண்டாவது, தகட்டின் மேல் படியும் தூசி. சாம்பல் வட்டத்தின் விளிம்பை அளந்தால் தூசியின் நிறத்தைத்தான் 'வெள்ளை' என்று எடுத்துக்கொள்வீர்கள். தகட்டின் அடியில் பதித்த வளையக் காந்தங்கள் தூசியைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் வளையத்தின் நடுப்பகுதி ஓரளவு சுத்தமாக இருக்கும். அங்கே அளக்க வேண்டும். மூன்றாவது, நிழல். வெயிலில் இருக்கும் தகட்டை வைத்துப் போட்ட கணக்கு பாறை நிழலுக்குப் பொருந்தாது. நிழலுக்கு ஒளி தருவது வானம் மட்டுமே. அந்த ஒளியின் நிறம் வேறு. நிழலில் இருக்கும் பாறை முகத்தின் நிறத்தை வைத்துக் கனிமம் பேசாமல் இருப்பதே நல்லது.

வெளிச்சச் சிக்கலே இல்லாத ஒரு வழியும் உண்டு. கியூரியாசிட்டியின் கைமுனைக் கேமராவான மாஹ்லியில் நான்கு வெள்ளை எல்இடி விளக்குகள் உள்ளன. இரவில் அவற்றின் ஒளியில் எடுத்த படத்தில் செவ்வாய் வானத்துக்குப் பங்கே இல்லை. அப்படிப்பட்ட படங்கள் குறைவு. கிடைத்தால் நிறத்துக்கு அதைத்தான் முதலில் நம்புவேன்.

ஸ்ட்ரெட்ச் படம்: எல்லைக்கு மட்டும்

நிறங்களுக்கிடையே உள்ள ஒட்டுறவை உடைத்து வேறுபாட்டைப் பெரிதாக்கும் டீகோரிலேஷன் ஸ்ட்ரெட்ச் படங்கள் பார்க்க அட்டகாசமாக இருக்கும். இரண்டு படிவு அடுக்குகள் எங்கே பிரிகின்றன, நரம்பு போல ஓடும் கனிமக் கோடு எதுவரை போகிறது என்பதற்கு இதைவிட வேகமான கருவி இல்லை. ஆனால் இதில் தெரியும் ஊதா எந்தக் கனிமத்தின் நிறமும் ஆகாது. அந்தக் குறிப்பிட்ட படத்தின் புள்ளியியலிலிருந்து பிறந்த நிறம் அது. பக்கத்துப் படத்தின் ஊதாவோடு அதை ஒப்பிட முடியாது. கணக்கிடும் முன் வானம், ரோவரின் பாகங்கள், வெளிச்சம் மிஞ்சி வெளுத்த பிக்சல்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மொத்த வேறுபாட்டையும் வானமே எடுத்துக்கொள்ளும். பாறைகள் எல்லாம் ஒரே சாயலில் ஒட்டிக்கொள்ளும். ஜேபெக் சுருக்கத்தின் 8×8 கட்டங்களும் இதில் பல்லிளிக்கும். சதுர சதுரமாக நிறம் மாறினால் அது பாறை இல்லை.

கனிமத்தைப் பற்றி உறுதியாகப் பேச வேண்டுமானால் குறுகிய அலைவரிசை வடிகட்டிப் படங்களுக்குத்தான் போக வேண்டும். மாஸ்ட்கேம் இரண்டு கேமராக்களைக் கண்கள் போலக் கொண்டது; அதன் இடக் கண்ணில் 445, 527, 676, 751, 867, 1012 நானோமீட்டர் வடிகட்டிகள் இருக்கின்றன. ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு கனிமம் இருந்தால் 867இல் பிரகாசம் பக்கத்து அலைநீளங்களைவிடச் சற்றுக் குழியும். ஷார்ப் மலைச் சரிவில் உள்ள வேரா ரூபின் மேட்டைக் கியூரியாசிட்டி ஆராய்ந்தபோது இந்தக் குழிவு பெரிதும் உதவியது. எந்த வடிகட்டிகளைச் சேர்த்து வண்ணப் படம் செய்தார்கள் என்று பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முந்தைய நாசா ரோவரான ஸ்பிரிட்டின் 2004ஆம் ஆண்டுப் படங்களே சாட்சி. நிறத் தகட்டின் நீல மூலை அதன் பான்கேம் கேமராவின் படங்களில் இளஞ்சிவப்பாக வந்தது. சிவப்புக்குப் பதிலாக 753 நானோமீட்டர் அகச்சிவப்பு வடிகட்டியைப் போட்டிருந்தார்கள். அந்த நீலச் சாயம் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். நாசா நிறத்தை மாற்றி ஏமாற்றுகிறது என்று கிளம்பிய கூச்சலுக்கு இது போதுமானதாக இருந்தது.

ரா படம் எதற்கு?

வேகத்துக்கு. ரோவரிடமிருந்து வந்த சில மணி நேரத்திலேயே பொதுத்தளத்தில் ஏறிவிடும். அளவுத்திருத்தம் செய்த பதிப்பு கோள் தரவுக் காப்பகத்துக்கு வர மாதக்கணக்காகும். கியூரியாசிட்டி மாஸ்ட்கேம் கோப்புப் பெயரின் கடைசியில் டிஎக்ஸ்எக்ஸ்எக்ஸ் (DXXX) என்று இருந்தால் ரா. டிஆர்எக்ஸ்எக்ஸ் (DRXX) என்றால் பிரகாசம் அளவுத்திருத்தம் ஆனது. டிஆர்சிஎல் (DRCL) என்றால் நிறத்தோடு வடிவச் சிதைவும் சரிசெய்தது. ரா படம் சில சமயம் வலை போட்ட கறுப்பு-வெள்ளையாக வரும். கேமரா பழுதென்று நினைக்க வேண்டாம்; உணரியின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மாறி மாறி அமைந்த பேயர் கட்டங்கள் இன்னும் நிறங்களாகப் பிரிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ராவில் வெளிச்சத்தை எண்ணாக அளக்கக் கூடாது. குறிப்பாக ஸ்பிரிட், அதன் இரட்டை ரோவரான ஆப்பர்ச்சூனிட்டி காலத்துப் பொதுப் படங்கள் ஒவ்வொன்றும் தானாக இழுக்கப்பட்டவை. மூன்று வடிகட்டிப் படங்களை எடுத்து வண்ணம் சேர்த்தால் கிடைக்கும் நிறத்துக்குப் பொருளே இல்லை.

வானத்துக்கு வருவோம்

வானத்தின் நிறத்துக்கு இயற்கை நிறப் படம்; அசைவுக்கு, ரோவருக்கு வழி பார்க்கும் கேமராவான நேவ்கேம்; தூசியின் அளவுக்குச் சூரியனையே நேராக எடுத்த படம். மூன்றும் மூன்று வேலை.

2015 ஏப்ரல் 15 அன்று கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி எடுத்த சூரிய மறைவில், சூரியனைச் சுற்றி நீலப் பொலிவு தெரிகிறது. தூசித் துகள்கள் நீல ஒளியை முன்னோக்கி, சிறு கோணத்துக்குள் சிதறவிடுகின்றன. அதனால் சூரியனை ஒட்டிய வட்டம் நீலம், விலகினால் மஞ்சள்-பழுப்பு. இதை ஒயிட் பேலன்ஸ் படத்தில் தேடினால் வானம் முழுக்க நீலமாகி, கவனிக்க வேண்டிய வேறுபாடே மங்கிவிடும்.

தூசியின் அளவை வானம் 'மங்கலாக' இருப்பதைக் கண்டு சொல்ல முடியாது. ஒளிமறைப்பு வடிகட்டி வழியாகச் சூரியனை எடுத்து, எவ்வளவு ஒளி குறைந்தது என்று கணக்கிடுவார்கள். அந்தக் குறைவைச் சொல்லும் எண்ணான ஒளியியல் ஆழம் 1 என்றால், தலைக்கு நேர் மேலே இருக்கும் சூரியனின் நேரடி ஒளியில் 37 சதவீதம் தரைக்கு வரும். 2018 ஜூனில் ஆப்பர்ச்சூனிட்டி அளந்த 10.8இல் நேரடி ஒளி ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கு. சூரியன் உச்சியிலிருந்து 60 பாகை சாய்ந்திருந்தால் ஒளி கடக்கும் தூசி இரட்டிப்பாகும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மாலையில் புயல் வந்ததாகத் தோன்றும்.

மேகத்துக்கு வண்ணமே தேவையில்லை. கியூரியாசிட்டியின் நேவ்கேம் கறுப்பு-வெள்ளைதான். அது தொடர்ச்சியாக எடுக்கும் எட்டுப் படங்களின் சராசரியைக் கண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிட்டு, மிஞ்சியதை இழுத்தால் மெல்லிய பனி மேகங்கள் நகர்வது தெரியும். லென்ஸ் தூசியும் ஓர இருட்டும் ஒரே பிக்சலில் நிற்பதால் கழிந்துவிடும். தூசிச் சுழல்களையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். கிடைப்பது கோண வேகம் மட்டும். மேகத்தின் உயரம் தெரியாமல் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்ல வழியில்லை. மேக நிழல் ஷார்ப் மலைச் சரிவில் ஊரும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் உயரத்தை மதிப்பிடலாம்.

எந்தக் கேமரா, எவ்வளவு தூரம்

வடிவத்தைப் பற்றி வாய் திறக்கும் முன் பிக்சல் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் கியூரியாசிட்டி நேவ்கேமின் ஒரு பிக்சல் 82 செ.மீ.; மாஸ்ட்கேமின் 34 மி.மீ. லென்ஸ் கொண்ட கண்ணில் 22 செ.மீ.; 100 மி.மீ. கண்ணில் 7.4 செ.மீ. ஐந்து பிக்சலுக்குக் குறைந்த எதையும் 'வடிவம்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அளவுகோல் இல்லாத படம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2022 மே 7 அன்று எடுத்த 'கதவு' போதும்: ஆள் நுழையும் வாசல் போலத் தெரிந்த அந்தப் பாறைப் பிளவின் உயரம் சுமார் 30 செ.மீ.

தூரத்தை இரட்டைக் கண் படத்திலிருந்து எடுக்கலாம். பிழை தூரத்தின் வர்க்கமாகப் பெருகும் என்பதை மறக்கக் கூடாது. கியூரியாசிட்டி நேவ்கேமின் கண்களுக்கு இடைவெளி 42.4 செ.மீ. இரு கண் படங்களையும் பொருத்துவதில் வரும் கால் பிக்சல் பிழைக்கு 10 மீட்டரில் 5 செ.மீ. தவறும், 50 மீட்டரில் 1.2 மீட்டர் தவறும். இன்னொரு நாசா ரோவரான பெர்சிவியரன்ஸின் மாஸ்ட்கேம்-இசட் கேமராவில் இடைவெளி 24.4 செ.மீ.தான். ஆனாலும் 110 மி.மீ. ஜூமில் அதே 50 மீட்டருக்குப் பிழை 17 செ.மீ. கிட்டத்து மணல்மேட்டுக்கு நேவ்கேம் போதும், எதிர்க் குன்றின் அடுக்குக்கு ஜூம் வேண்டும். இன்னும் தொலைவென்றால் செவ்வாயைச் சுற்றும் கலத்தின் ஹைரைஸ் கேமரா எடுத்த படத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து அளப்பதே நம்பகம்.

மணல் துகளின் அளவுக்கு மாஹ்லி. 25 செ.மீ. தள்ளி எடுத்தால் பிக்சலுக்கு 100 மைக்ரான், 5 செ.மீ.இல் 31, மிக அருகில் 14. மணலுக்கும் வண்டலுக்கும் எல்லை 62.5 மைக்ரான். ஆகவே 5 செ.மீ. படத்தில்கூட அந்த எல்லைத் துகள் இரண்டே பிக்சல். 25 செ.மீ. படத்தைக் காட்டி "துகளே தெரியவில்லை, ஆகவே சேற்றுப்பாறை" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

இரட்டைக் கண்ணால் இன்னொரு பயன் உண்டு. 2014 ஏப்ரல் தொடக்கத்தில் கியூரியாசிட்டியின் வலது நேவ்கேம் படத்தில் தொடுவானத்தருகே ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது. ஒரு வினாடிக்குள் எடுத்த இடக் கண் படத்தில் அது இல்லை. காஸ்மிக் கதிர் உணரியில் பட்டிருக்கலாம், அல்லது பாறையின் பளபளப்பாக இருக்கலாம். விநோதம் எதைக் கண்டாலும் முதலில் மற்றக் கண்ணின் ரா படத்தைத் திறங்கள். பிறகு அதே இடத்தின் பழைய சோல் (செவ்வாய் நாள்) படத்தை. ஆப்பர்ச்சூனிட்டியின் 3528ஆம் சோல் படத்தில் இல்லாத ஒரு கல் 3540ஆம் சோலில் முளைத்தபோது, பதில் ரோவரின் சக்கரத் தடத்தில் கிடைத்தது: சக்கரம் ஏறி உடைத்துத் தள்ளிய சில்லு அது. இப்படி ஒப்பிடும்போது இரண்டு படங்களின் உள்ளூர் நேரத்தையும் பாருங்கள். காலையில் மேடாகத் தெரிவது மாலையில் நிழல் திரும்பியதும் பள்ளமாகத் தெரியும், எதுவும் நகர்ந்திருக்காது.