‘மிஸ்ரா 100%’ என்ற விளம்பரத்தை நம்பி டூல் வாங்கியவர்கள் நாங்கள்

சி மொழியில் கோடு பாதுகாப்பாக எழுதுவதற்கென்று உள்ள மிஸ்ரா சி விதிகளைச் சரிபார்க்க டூல் தேடுகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் வாங்கிய டூலின் விளம்பரத்தில் ‘மிஸ்ரா சி:2012, 100% கவரேஜ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் சி கோடை அதில் ஓட்டினோம். வந்த எச்சரிக்கைகளை ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். கடைசி ரிப்போர்ட்டில் மீறல் பூஜ்யம். அதை அப்படியே வாடிக்கையாளரிடம் கொடுத்தோம்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, எங்கள் கோடு ஓடும் அவர்களுடைய கருவி அவ்வப்போது கன்னாபின்னாவென்று அளவு காட்டுகிறது என்று போன் வந்தது. தேடிப் பிடித்தோம். ஒரு வேரியபிளுக்கு மதிப்பு கொடுக்காமலே அதன் மெமரி முகவரியை வேறு ஃபைலில் இருக்கும் ஃபங்ஷனுக்கு அனுப்பியிருக்கிறோம். சென்சார் பதில் தராவிட்டால் அந்த ஃபங்ஷன் எதையும் எழுதாமல் திரும்பிவிடும். நாங்கள் அதைக் கவனிக்காமல் வேரியபிளைப் படித்திருக்கிறோம். தப்பு எங்களுடையதுதான். ஆனால் இதைத் தடுக்கவென்றே விதி 9.1 இருக்கிறது. அதுவும் விலக்கே கேட்க முடியாத ‘கட்டாய’ வகை. இதைப் பிடிக்கத்தானே டூல் வாங்கினோம்?

அதே பிழையை ஏழெட்டு வரியில் எழுதி டூலில் போட்டுப் பார்த்தோம். சத்தமே இல்லை. இரண்டு ஃபங்ஷனையும் ஒரே ஃபைலில் வைத்தோம், அப்போதும் இல்லை. முகவரி வெளியே போய்விட்டாலே மதிப்பு வந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. சப்போர்ட்டில் கேட்டால், கையேட்டின் கடைசியில் உள்ள அட்டவணையைப் பார்க்கச் சொன்னார்கள். 9.1-க்கு நேரே ‘பகுதியளவு’ என்று இருக்கிறது. விளம்பரத்தில் அதையும் சேர்த்துத்தான் நூறு!

அப்புறம்தான் மிஸ்ரா ஆவணத்தையே ஒழுங்காகப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். 2012 பதிப்பு வெளியானபோது 143 விதிகளும் 16 டைரெக்டிவ்களும் (கோடைத் தாண்டியும் பார்க்க வேண்டிய வழிகாட்டல்கள்) இருந்தன. ஒவ்வொரு விதிக்கும், எந்தக் கோடாக இருந்தாலும் டூலால் ஆம், இல்லை என்று முடிவு சொல்ல முடியுமா, முடியாதா என்று அதிலேயே குறித்திருக்கிறார்கள். 9.1 முடியாத வகை. ஒரு ஃபங்ஷன் தன்னையே நேராகவோ சுற்றியோ அழைக்கக் கூடாது என்கிற 17.2-உம் அப்படித்தான். டைரெக்டிவ் 3.1, ஒவ்வொரு கோடும் எழுதிவைத்த தேவை ஒன்றோடு பொருந்த வேண்டும் என்கிறது. தேவை ஆவணத்தைப் பார்க்காமல், கோடை மட்டும் படிக்கும் டூலுக்கு அது எப்படித் தெரியும்? ‘மிஸ்ரா சான்று பெற்ற டூல்’ என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். மிஸ்ரா எந்த டூலுக்கும் சான்று தருவதில்லை.

விதி வாரியாக எது முழுமை, எது பகுதி, பகுதி என்றால் எதை விட்டுவிடும் என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அவர்கள் கொண்டுவரும் டெமோ கோடு வேண்டாம். உங்கள் பழைய பிழைகளை நீங்களே எடுத்துப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

எங்களுக்குப் பணம் திரும்ப வரவில்லை. வாடிக்கையாளருக்குக் கொடுத்த ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முகவரியை வெளியே அனுப்பும் இடங்களையெல்லாம் இப்போது கையால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாதிதான் முடிந்திருக்கிறது. அதிலேயே இன்னும் இரண்டு சிக்கின.