ஜீப், அம்பாசிடர், மாருதி 800: கம்பம் பக்கம் பிரித்துப் பழக எது தோது?

பழைய வண்டி ஒன்றை வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் தானே நோண்ட வேண்டும் என்ற ஆசை கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் நிறையப் பேருக்கு உண்டு. எதை வாங்கலாம் என்று டீக்கடையில் கேட்டால் யோசிக்காமல் ஜீப் என்பார்கள். விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்த ஊர், வேறென்ன சொல்லும்? ஆனால் அது வண்டி ஓட்டுபவருக்கான பதில். வண்டியைப் பிரிப்பவருக்குக் கேள்வியே வேறு. ஒரு கோளாறைத் தேடிப் போனால் நம் கை எதுவரை போகும், எந்த இடத்தில் அடுத்தவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? இதை வைத்துத்தான் மூன்றையும் பார்க்கிறேன்.

மூன்றுக்கும் ஒரே கோளாறை எடுத்துக்கொள்வோம். லோயர் கேம்ப் தாண்டி, மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும் ஏற்றத்தில் வண்டி மிஸ் ஆகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் திக்குகிறது, இழுவை இல்லை.

ஜீப் என்றால் இங்கே அதிகம் கிடைப்பது மஹிந்திரா எம்எம் 540. அதிலுள்ளது 2,112 சிசி பியூஜோ டீசல் எஞ்சின். அதற்கு அடுத்து, டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டிஐ எஞ்சின் போட்டவை. முதலில் ஏர் பிடித்திருக்கிறதா, அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கை பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் சுத்தமாக வழியும்போது, பம்பை விடாமலேயே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு இறுக்கினால் திரும்பவும் காற்றை இழுத்துக்கொள்ளும். அடுத்து எஞ்சினை ஐடிலில் விட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. முகத்தையும் விரலையும் அந்த நட்டுக்கு நேரே கொண்டுபோகக் கூடாது. அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இதுவரை நம் கை போகும். டீசலைத் தெளிக்கும் நாசில் கோளாறா, அதை அழுத்தித் தள்ளும் பம்ப் கோளாறா என்ற இடம் வந்ததும் நின்றுவிடும். இரண்டையும் பெஞ்சில் மாட்டி அழுத்தம் பார்த்துச் சரிசெய்ய டீசல் பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் வைத்துப் பிரிக்கிற சாமான் அல்ல. பியூஜோ எஞ்சினில் இன்னொரு தொல்லை, ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக். மார்கழிக் காலையில் குமுளியில் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை, வெள்ளைப் புகை மட்டும் வருகிறது என்றால் சந்தேகம் முதலில் அங்கேதான். டிஐ எஞ்சினுக்கு அந்தச் சடங்கு கிடையாது, குளிரிலும் எடுத்துவிடும். பதிலுக்குச் சத்தமும் ஆட்டமும் அதிகம்.

ஜீப்பின் பெரிய பலம் உதிரிப் பாகம். கம்பத்தில் இல்லையென்றால் கட்டப்பனையில், அங்கேயும் இல்லையென்றால் தேனியில் கிடைத்துவிடும். சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி என்பதால் எதையும் கழற்றலாம், பற்றவைக்கலாம். அதுவே அதன் வம்பும் கூட. நீங்கள் பானட்டைத் திறந்தால் போதும், தெருவில் போகிற நாலு பேர் ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். எல்லாருக்கும் தெரிந்த எஞ்சின், எல்லாரிடமும் தீர்ப்பு இருக்கும். நீங்கள் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அம்பாசிடருக்கு வருவோம். 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி வந்து, உத்தர்பாரா ஆலையில் 2014 வரை தயாரான வண்டி. நோண்டுவதற்கு நான் சொல்வது பழைய 1,489 சிசி பெட்ரோல். அதே அளவு டீசல் வேண்டாம், ஏற்றத்தில் பொறுமையைச் சோதிக்கும். 1990-களில் வந்த இசுஸு 1,817 சிசி பெட்ரோல் ஓட்டுவதற்கு அருமை, ஏற்றத்தில் பிச்சுக்கொண்டு போகும். ஆனால் சாமான் தேடி அலைய வேண்டும்.

அதே மிஸ்ஸிங்கை இந்தப் பெட்ரோல் எஞ்சினில் தேடிப் பாருங்கள். பிளக் வயரை நன்கு இன்சுலேட் ஆன பிளையரால் ஒவ்வொன்றாக எடுத்தால், எதை எடுத்தும் சத்தம் மாறவில்லையோ அங்கே கோளாறு. அப்புறம் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். கருகியிருந்தால் உப்புத்தாளை மடித்து இடையில் விட்டு இழுத்துத் துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைக்க வேண்டும். ஒரு பக்கம் மேடும் மறு பக்கம் பள்ளமுமாக இருந்தால் கண்டென்சரை மாற்றிவிடலாம். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும். தொடங்கிய இடத்திலிருந்து முடிக்கும் இடம் வரை யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

எனக்கு இந்த எஞ்சினில் பிடித்தது டேப்பட் வைக்கும் வேலை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது. மேல் மூடியைக் கழற்றினால் வால்வை அமுக்கும் எட்டு ராக்கரும் வரிசையாகத் தெரியும். கணக்கு ஒன்பது. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம், மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உள்ளே போகும்போது லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பிடிப்பை விரல் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பொழுதுபோக்கின் ருசியே. பானட்டுக்குள் இடமும் தாராளம்.

குறை சொல்வதென்றால், முன்பக்கச் சஸ்பென்ஷனில் கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் ஏராளம். மறந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். வண்டியும் பெரிது, சந்துக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆகாது. சில சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்து ஆம்னி பஸ் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பிரீமியர் பத்மினியை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். அழகான வண்டி, சின்ன எஞ்சின், சரிதான். ஆனால் வெயில் காலத்து ஏற்றத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி நின்றுபோகும். பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்ற வண்டிகளை மலைப்பாதையில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாமானும் அருகிவிட்டது. முதல் வண்டியாக வேண்டாம்.

மாருதி 800-ஐப் பழைய வண்டிக் கூட்டத்தில் சேர்க்கவே சிலர் முகம் சுளிக்கிறார்கள். 1983 டிசம்பரில் வந்த வண்டி அது, நாற்பது வருடம் தாண்டியாயிற்று. 796 சிசி, மூன்று சிலிண்டர். நான் சொல்வது கார்புரேட்டர் வைத்த மாடலை மட்டும். 2000-த்தை ஒட்டி வந்த, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ மாடலில் செக் லைட், சென்சார் என்று கதை வேறு பக்கம் போய்விடும்.

மூன்றில் ஒரு சிலிண்டர் போனால் ஸ்டியரிங்கே நடுங்கும். கோளாறு ஒளிந்துகொள்ள இடமில்லை. பாயிண்ட், பிளக், கார்புரேட்டர் எல்லாம் வீட்டு வேலை. டைமிங் பெல்ட் ஒன்றை மட்டும் முன்னவர் எப்போது மாற்றினார் என்று கேட்டு நம்பாமல், வாங்கியதும் புதிதாகப் போட்டுவிடுங்கள். எஞ்சினை இறக்க வேண்டி வந்தாலும் இரண்டு பேர் கம்பு போட்டுத் தூக்கிவிடலாம். ஜீப் எஞ்சினுக்குச் செயின் பிளாக் வேண்டும், அதைத் தொங்கவிட உத்தரமும் வேண்டும். சாமான் மலிவு, எந்த ஊரிலும் உண்டு. இடைஞ்சல் ஒன்றுதான்: எஞ்சின் குறுக்காக இருப்பதால் பின்பக்கம் கை நுழையாது, முட்டியில் தோல் உரியும்.

ஆக, முதல்முறையாக ஸ்பேனர் பிடிப்பவருக்கு என் ஓட்டு கார்புரேட்டர் 800-க்கு. இடமும் பொறுமையும் உள்ளவருக்கு அம்பாசிடர் பெட்ரோல். தோட்டம் வைத்திருப்பவர், வாரத்தில் நாலு நாள் மலையேற வேண்டியவர், அவருக்கு ஜீப்பைத் தவிர வேறில்லை. ஆனால் அவர் வண்டியை வேலைக்கு வைத்திருக்கிறார், பொழுதுபோக்குக்கு அல்ல.

அப்புறம், எந்தப் பக்கத்து வண்டி என்பதும் முக்கியம். இடுக்கி மழையில் கிடந்த கேஎல் (கேரளப் பதிவு) வண்டியில் எஞ்சின் ஜோராக இருக்கும், தரை போயிருக்கும். காலடி விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தையாகக் கேட்டால் பெயின்டுக்கு அடியில் துரு. கதவின் அடி விளிம்பையும் டிக்கியின் மூலையையும் விரலால் தடவிவிடுங்கள். நம் பக்கத்து வண்டிக்குப் பாடி நன்றாக இருக்கும், ரப்பர் எல்லாம் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். உப்பான போர்வெல் தண்ணீர் ஊற்றியே ரேடியேட்டரை அடைத்து வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டுப் பக்கம்தான். ரேடியேட்டரைக் கழுவலாம், ரப்பரை மாற்றலாம். 800-க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, தரை போனால் டிங்கரிங் கூலி வண்டி விலையைத் தாண்டிவிடும்.

கேஎல் வண்டியே வாங்கினால் அந்த ஊர் ஆர்டிஓவிடம் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கியாக வேண்டும். வேறு மாநிலப் பதிவோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். 15 வருடம் கடந்த காருக்கு ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவைக்கு 2025-இல் இன்னும் ஏற்றிவிட்டார்கள். விலை பேசும்போது ஆர்சி எந்த வருடம் வரை செல்லும் என்பதையும், சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் பானட்டைத் திறக்கும் முன் பார்த்துவிடுங்கள். ஜீப் என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும், எஞ்சின் மாற்றாத ஜீப் இந்த மலையில் அபூர்வம்.