லீட்கோட் 844: ஸ்ட்ரிங் ஒப்பீட்டுக்கு இந்த ஒரு கணக்குப் போதும்

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி படித்துவிட்டு, கொழும்புக் கம்பனிகளின் நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாகிற பிள்ளைகளுக்கு: ஸ்ட்ரிங் (எழுத்துகளின் வரிசை) ஒப்பீட்டில் ஒரேயொரு கணக்குத்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால், நிரல் பயிற்சித் தளமான லீட்கோட்டின் 844ஆம் கணக்கைச் செய்யுங்கள். இலவசம். 'ஈஸி' என்று போட்டிருப்பதை நம்பிப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு ஸ்ட்ரிங் தருவார்கள். # என்றால் பேக்ஸ்பேஸ்; அதற்கு முன்னால் நிற்கும் எழுத்து அழியும். அழித்து முடிந்தபின் இரண்டும் ஒன்றா என்பதே கேள்வி. தளத்தில் இருப்பது ஆங்கிலச் சிறிய எழுத்துகள். நம் எழுத்தில் சொன்னால், 'அஇ#உ', 'அஎ#உ' இரண்டும் 'அஉ' ஆகிவிடும், விடை ட்ரூ.

எல்லோரும் முதலில் பிடிப்பது ஸ்டாக், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து எடுக்கும் அடுக்கு. எழுத்து வந்தால் புஷ் (மேலே வை), # வந்தால் பொப் (மேலிருப்பதை எடு). '#அ' கொடுத்துப் பாருங்கள்: வெறும் லிஸ்டில் பொப் செய்தால் பைதன் எரர் தரும். ஜாவாக்காரர் மாட்டுவது வேறிடத்தில். எழுத்துகளைச் சேர்த்துக் கட்டும் ஸ்ட்ரிங்பில்டர் இரண்டை நேரே ஈக்குவல்ஸ் போட்டு ஒப்பிட்டால், உள்ளே அதே எழுத்துகள் இருந்தாலும் ஃபோல்ஸ்தான். டூஸ்ட்ரிங் செய்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

தளத்தின் குறை, நீளத்தை 200க்குள் அடக்கியிருப்பது. எவ்வளவு மெதுவான வழியில் எழுதினாலும், விடை சரியென்றால் பச்சை விழும். அடியில் ஒரு மேலதிகக் கேள்வி இருக்கிறது: கூடுதல் இடம் எடுக்காமல், நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் முடிக்க முடியுமா? இந்தக் கணக்கின் உயிரே அதுதான்.

வழி, கடைசியிலிருந்து வருவது. ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும், நிற்கும் இடத்தைக் காட்ட ஒரு பொயின்டர், அழிக்க வேண்டியவற்றை எண்ண ஒரு எண்ணி. # கண்டால் எண்ணியைக் கூட்டிப் பின்னால் நகருங்கள். எழுத்தாக இருந்து எண்ணி பூச்சியத்துக்கு மேல் இருந்தால், எண்ணியைக் குறைத்து அந்த எழுத்தைத் தாண்டுங்கள். இல்லையென்றால் நில்லுங்கள், அதுதான் தப்பிய எழுத்து. நின்ற இரண்டையும் ஒப்பிடுங்கள்; வேறாக இருந்தால் ஃபோல்ஸ், ஒன்றாக இருந்தால் இரண்டு பொயின்டரையும் ஓரிடம் பின்னால் நகர்த்தித் தொடருங்கள். ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கம் எழுத்து மிஞ்சினால் ஃபோல்ஸ்.

பிழைப்பது இரண்டு இடத்தில். வெளி லூப் ஓடுவது, இந்த ஸ்ட்ரிங் 'அல்லது' அந்த ஸ்ட்ரிங் தீராதவரை; அந்த 'அல்லது'க்குப் பதிலாக 'மற்றும்' போட்டால், 'அஆ', 'ஆ' இரண்டும் ஒன்று என்று வரும்: 'ஆ' பொருந்தியதும் ஒரு பக்கம் தீர்ந்து லூப் நின்றுவிடும், மிஞ்சிய 'அ'வை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே, திரும்பத் திரும்ப ஓடும் வைல் போடவேண்டிய இடத்தில் ஒரு தடவை மட்டும் பார்க்கும் இஃப் போட்டால் 'அஇ#உ#எ' உடைக்கும். 'உ'வைத் தாண்டியதும் இன்னொரு # நிற்கிறதே.

முதலில் தாளில் எழுதி, மேலே உள்ள உள்ளீடுகளைக் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு சப்மிட் செய்யுங்கள்.

தமிழ் உள்ளீட்டுக்கு இந்தப் பயிற்சி மட்டும் போதாது. 'மட்டக்களப்பு' நமக்கு 8 எழுத்து, கணினி எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் 12 குறி. 'மட்டக்களப்பு#' என்று கொடுத்தால் 'பு' போகாது. உகரம் மட்டும் கழன்று 'மட்டக்களப்ப' என்று நிற்கும். 'கொ'வையோ கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், தனித்தனி இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, == போட்டால் ஃபோல்ஸ். பெயர்ப் பட்டியல் தேடும் நிரல் எழுதுகிறவர்கள், ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பைதனில் யூனிகோட்டேட்டா மொடியூலின் நோர்மலைஸ் இதைச் செய்யும்.