வீட்டுக் கடன்: ரெப்போ வட்டி வங்கியா, நிதி நிறுவனமா?

2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியை, 6.50-இலிருந்து 5.25 சதவீதத்துக்கு இறக்கியது. ரெப்போவோடு இணைத்த வங்கிக் கடனில் இது அதிகபட்சம் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்; 2019 அக்டோபரிலிருந்து அதுதான் விதி. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தங்கள் அடிப்படை வட்டியைத் தாங்களே வைப்பார்கள். இறங்குவது பெரும்பாலும் தாமதம்தான்.

30 லட்சம், 20 வருஷம் என்று போட்டுப் பாருங்கள். வங்கியில் 8 சதவீதம் என்றால் மாதத் தவணை 25,093 ரூபாய், நிதி நிறுவனத்தில் 10 என்றால் 28,951. மொத்தத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல் கூடுதல்.

ஆனால் திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுப்பவருக்கும், சோமனூரில் தறி ஓட்டுபவருக்கும் ரொக்கம் புரளும், வருமான வரிக் கணக்கு மெலிந்திருக்கும். வங்கி அங்கேயே நின்றுவிடும். நிதி நிறுவனத்து ஆள் தறிக்கூடத்துக்கே வந்து, கூலி பில்லையும் கரண்ட் பில்லையும் பார்த்து வருமானம் போடுவார். இவர்களுக்கு முதலில் அதுவே சரி. இரண்டு மூன்று வருஷம் வரிக் கணக்கை ஒழுங்காகக் காட்டிவிட்டு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். சொந்த வீட்டுக்கான மாறும் வட்டிக் கடனை முன்னதாக அடைக்க அபராதம் கிடையாது. பரிசீலனைக் கட்டணமும் அடமானப் பதிவுச் செலவும் மட்டும் மறுபடி வரும்.

பட்டா இன்னும் அப்பிச்சி (தாத்தா) பேரிலேயே இருந்தால், எங்கே போவதானாலும் முதலில் தாலுகா ஆபீஸ்தான்.