ஆட்டுப் பட்டிக்குக் காவல்: நாயா, கழுதையா, லாமாவா?

ஓரிகன் மாநிலத்தின் வில்லமெட் பள்ளத்தாக்கில் முப்பது செம்மறி வைத்திருக்கிறோம். நரிக்கும் ஓநாய்க்கும் நடுவிலான உருவம் கொண்ட கொயோட்டிதான் இங்கே ஆட்டுக்காரர்களுக்குத் தீராத தலைவலி. ஒரே ஈற்றுப் பருவத்தில் ஐந்து குட்டிகளைப் பறிகொடுத்த பிறகு, காவலுக்கு ஒரு விலங்கு வேண்டும் என்று முடிவு செய்தோம். இந்த வட்டாரத்தில் மூன்று வழிகள்: பிரெனீஸ் நாய், கழுதை, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த லாமா. மூன்றையும் வைத்துப் பார்த்தோம். இப்போது நான்காவது வருடமாக லாமாதான். காவலுக்கு வந்தவன் என்பதால் அவனுக்குப் பெயர் கருப்பன்.

விலை, தீவனம், வேலி எல்லாம் எல்லோரும் பேசுவதுதான். எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது குரல். காவல் விலங்கு கத்தும்போது அந்தக் கத்தலுக்கு என்ன அர்த்தம் என்று படுக்கையில் இருந்தபடியே தெரிய வேண்டும்.

முதலில் நாய். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள மலைகளில் மந்தை காப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். ஓநாயோ மலைச்சிங்கமோ (பூமா) நடமாடும் இடம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், நாய்தான், அதுவும் ஒன்றுக்கு மேல். ஆனால் குரைத்தே விரட்டுவதுதான் அதன் வேலைமுறை. மானுக்குக் குரைக்கும், ரக்கூனுக்குக் குரைக்கும், சாலையில் போகும் லாரிக்கும் குரைக்கும். மூன்றாவது வாரத்தில் அந்தச் சத்தத்தோடு தூங்கப் பழகிவிட்டோம். கொயோட்டி வந்த இரவிலும் அது குரைத்தது, நாங்கள் திரும்பிப் படுத்தோம். காலையில் ஒரு குட்டி இல்லை. நாயைக் குறை சொல்ல மாட்டேன். அது தன் வேலையைத்தான் செய்தது. எங்கள் காதுக்குத்தான் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை.

கழுதையை எட்டு மாதம் இரவல் வாங்கி வைத்திருந்தோம், அதனால் இதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். நாய் இனம் எதையும் கழுதைக்குப் பிறவியிலேயே பிடிக்காது, துரத்திப் போய் உதைக்கும். ஆனால் தீவன நேரத்துக்கும் கத்தும், துணை தேடியும் கத்தும், ஆபத்துக்கும் கத்தும். எங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கின் செழிப்பான புல் கழுதைக்கு ஆகாது, குளம்புக்குள் வீக்கம் வந்துவிடும். ஆட்டுத் தீவனத்தில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் அது கழுதைக்கு விஷம். மோனென்சின் லாமாவுக்கும் ஆகாது, ஆனால் புல்லில் அதற்குச் சிக்கல் குறைவு. ஆடு மேயும் புல்லையே மேய்ந்து, ஆட்டோடு சேர்ந்தே படுத்துக்கொள்ளும்.

இனி கருப்பன். லாமாவின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அங்கே அது சுமை தூக்கவும், கம்பளிக்கும், இறைச்சிக்கும் வளர்க்கப்படும் விலங்கு. ஆட்டுக்குக் காவல் வைக்கும் வழக்கம் அமெரிக்கப் பண்ணைகளில் 1980களில்தான் பரவியது. பிறகு அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் லாமா வைத்திருந்த 145 ஆட்டுப் பண்ணையாளர்களிடம் பேசிப் பார்த்ததில், இழப்பு நன்றாகக் குறைந்தது தெரிந்தது. காயடித்த ஆண் ஒன்று போதும் என்பதும் அப்போதிருந்து சொல்லப்படுவதுதான். இரண்டு விட்டால் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும், ஆட்டை மறந்துவிடும்.

வந்த முதல் இரண்டு வாரமும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே முனகல். கடைசியில் சுருதி மேலே ஏறும், யாரையோ கேள்வி கேட்பதுபோல. தன் கூட்டத்தைப் பிரிந்த துக்கம் அது. என் மனைவியால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை, திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூடப் பேசினோம். ஆடுகளைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொண்டதும் முனகல் தானாக அடங்கியது. லாமாவின் அன்றாடப் பேச்சே இந்த முனகல்தான். தாய் புதிதாகப் பிறந்த குட்டியிடம் முனகும், வெயில் தாங்காமல் முனகும், களைப்பில் முனகும், புதிய பொருளைப் பார்த்தாலும் முனகும். பிரிவு முனகலையும் வெயில் முனகலையும் இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியும். மற்றவற்றில் எனக்கு இன்னும் உறுதி இல்லை.

இன்னும் சில சத்தங்கள் உண்டு. அருகே வராதே என்பதற்கு மூக்கால் ஒரு சீறல். நாக்கைத் தட்டி 'க்ளக்' என்று ஒன்று. பட்டிக்குள் புதுக்குட்டியைப் பார்க்கும்போது கருப்பன் இதைச் செய்வான். இணைசேரும் ஆண் தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல நெடுநேரம் குரல் கொடுக்கும். எங்களுடையது காயடித்தது, அதனால் பக்கத்துப் பண்ணையில் கேட்டதோடு சரி. எச்சில் துப்புவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அது பெரும்பாலும் லாமாக்கள் தங்களுக்குள் தீவனத்துக்கும் இடத்துக்கும் போடும் சண்டை. அதற்கு முன்பே காது பின்னால் படியும், மூக்கு வானத்தைப் பார்க்கும். அதைக் கவனித்து விலகிவிட்டால் நம் மேல் விழாது.

எங்களுக்கு முக்கியமானது அபாயக் குரல். பழைய வண்டியின் இன்ஜின் பிடிக்காமல் இழுப்பதுபோல, குதிரைக் கனைப்பும் வான்கோழிச் சத்தமும் கலந்தாற்போல, தாளம் தப்பாமல் திரும்பத் திரும்ப வரும். ஒரு முறை கேட்டால் வேறு எதோடும் குழப்ப முடியாது. மாதக்கணக்கில் அது வராமலே போகும். அதனால்தான் வந்தவுடன் எழுந்து உட்காருகிறோம்.

போன பிப்ரவரியில் ஒரு விடியற்காலை. "ஏங்க, கருப்பன் கத்துறான், எழுந்திருங்க" என்று மனைவி உலுக்கினாள். டார்ச்சோடு ஓடினேன். அவன் மேட்டில் நின்றிருந்தான். கழுத்து நிமிர்ந்து, இரண்டு காதும் முன்னால் குவிந்து, ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருந்தன. ஆடுகள் மொத்தமும் அவனுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றன. அந்தக் குரல் கேட்டால் அவன் பின்னால் ஒதுங்க வேண்டும் என்று அவையாகவே கற்றிருந்தன. காது காட்டிய பக்கம் வெளிச்சம் அடித்தேன். வேலி ஓரத்தில் இரண்டு ஜோடிக் கண்கள். நான் கத்துவதற்குள் கருப்பன் அதை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டான். நாய் குரைத்தால் ஆபத்து என்ற அளவில்தான் எனக்குப் புரிந்தது. இவன் எங்கே என்றும் சொல்லிவிடுகிறான்.

தவறான எச்சரிக்கையும் உண்டு. ஒரு நாள் காலை வெப்பக்காற்று பலூன் ஒன்று மேலே போனதற்குக் கத்தித் தீர்த்தான். பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியின் நாய்க்கும் கத்தினான். நான்கு வருடத்தில் இப்படி ஏழெட்டு முறை இருக்கும், அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தெருநாய்கள் நாலைந்து சேர்ந்து வந்தால் லாமாவால் சமாளிக்க முடியாது, அதுவே பலியாகிவிடும். மலைச்சிங்கத்துக்கும் அப்படித்தான். எங்கள் பக்கம் இதுவரை அது வரவில்லை, வந்தால் என் கருத்து மாறலாம். கோடைக்கு முன் மயிர் கத்தரிக்க வேண்டும், நகம் வெட்ட வேண்டும். வெள்ளைவால் மான் அதிகமுள்ள கிழக்கு மாநிலங்களில், மானிடமிருந்து நத்தை வழியாகப் பரவும் ஒரு புழு லாமாவின் தண்டுவடத்தைத் தாக்கும். அங்கே இருப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வாங்கப் போகும்போது ஒரு மணி நேரமாவது வேலி ஓரம் நின்று கேளுங்கள். காரணமே இல்லாமல் முனகிக்கொண்டே இருக்கும் விலங்கு ஏதோ அவதியில் இருக்கிறது. ஓடிவந்து முகத்தோடு முகம் உரசும் ஆணைப் பார்த்து மயங்காதீர்கள். குட்டியில் மனிதர்கள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்ததாக இருக்கலாம், அப்படி வளர்ந்த ஆண் பெரியதானதும் மனிதர்களையே போட்டியாக நினைத்து முட்ட வரும். முடிந்தால், தூரத்தில் ஒரு நாயைக் கயிற்றில் பிடித்தபடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். தலை நிமிர்ந்து காதைக் குவித்து அந்தப் பக்கமே பார்க்கிற லாமாவுக்கு முன்பணம் கொடுக்கலாம்.