காப்பீட்டு நிதியும் ஆரம்ப சுகாதார நிலைய நிதியும்: இராமநாதபுரம் கடலோரத்திற்கு எது முதலில்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்திற்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இதய அறுவை சிகிச்சைக்காகப் படகை அடகு வைக்கும் நிலையைத் தடுக்க இத்தகைய உதவி இன்றியமையாதது. ஆயினும், நோயாளி அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையை அடைந்த பிறகே அந்தப் பணம் பயன்படும்.

மூக்கையூரிலோ வாலிநோக்கத்திலோ நள்ளிரவில் வலி கண்ட கர்ப்பிணிக்கும், கடலுக்குச் செல்லும் நாட்களில் இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடும் மீனவருக்கும் வேண்டியவை, அருகிலேயே ஒரு செவிலியர், தடையின்றிக் கிடைக்கும் மருந்து, புறப்படத் தயாரான ஆம்புலன்ஸ் ஆகியவையே. இவற்றைத் தருவது ஆரம்ப சுகாதார நிலையத்திற்கான நிதி. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்னும் அளவுகோல் மலைப்பகுதிகளுக்கு 20,000 எனத் தளர்த்தப்பட்டிருப்பதைப் போல, சிதறிக் கிடக்கும் கடலோரக் குடியிருப்புகளுக்கும் தளர்த்தப்பட வேண்டும். கூடுதல் நிதி முதலில் இங்கேயே செல்ல வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.